வண்டியில் பொருத்திய ஏர் கம்ப்ரஸர்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் முறை

நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றும் பிக்கப் ஆனாலும், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்குத் துணையாகப் போகும் வண்டி ஆனாலும், பொள்ளாச்சியிலிருந்து தென்னை நார் ஏற்றிவரும் வண்டி ஆனாலும், அதில் பொருத்தும் கம்ப்ரஸருக்கு வேலை ஒன்றுதான்: பஞ்சர் கடை இல்லாத இடத்தில் டயருக்குக் காற்று வேண்டும், தூசி படிந்த ஃபில்டரை ஊதிவிட வேண்டும், ஹாரனுக்குக் காற்று போதாமல் போகக் கூடாது. "கம்ப்ரஸர் போயிருச்சுங்க, வேற போட்டுருங்க" என்று சொல்லிக்கொண்டு பட்டறைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கம்ப்ரஸர் நன்றாகவே இருக்கும். கோளாறு வயரிலோ, வால்விலோ, இணைப்பிலோ இருக்கும். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் அறிகுறியை நிதானமாகப் பார்த்து, அளந்து, அதன் பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும் என்பதே இவ்வழிமுறையின் அடிப்படை.

இங்கே எடுத்துக்கொள்ளும் அமைப்பு 12 வோல்ட்டில் ஓடும், எண்ணெய் தேவைப்படாத பிஸ்டன் கம்ப்ரஸர். காற்று முதலில் ஃபில்டர் வழியாக உள்ளே சென்று, ஹெட்டிலிருந்து சூடாக வெளியேறி, பின்னல் ஹோஸ் வழியாக, காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வைக் கடந்து, 20 லிட்டர் டேங்கில் சேர்கிறது. டேங்கில் பிரஷர் சுவிட்ச், கேஜ், சேஃப்டி வால்வு, அடியில் தண்ணீரைத் திறந்துவிடும் டிரெயின் காக் ஆகியவை இருக்கின்றன. பிரஷர் சுவிட்ச் 90 பவுண்டு (psi) அழுத்தத்தில் மோட்டாரை இயக்கி 120 பவுண்டில் நிறுத்துகிறது. சேஃப்டி வால்வு 150 பவுண்டில் திறக்கிறது. உங்கள் வண்டியில் இந்த எண்கள் மாறியிருக்கலாம், ஆனால் வரிசை மாறாது.

டேங்கில் அழுத்தம் இருக்கும்போது எந்த இணைப்பையும் தளர்த்தக் கூடாது. டிரெயின் காக்கைத் திறந்து, கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்து, காற்றின் ஒலியும் நின்ற பிறகே கை வைக்க வேண்டும். கருவி என்று பார்த்தால் ஒரு மல்டிமீட்டர், சோப்பு நுரை, நம்பகமான டயர் கேஜ் ஆகிய மூன்றும் போதும்.

சுவிட்சைப் போட்டும் மோட்டார் அசையவில்லை

முதலில் கேஜைப் பாருங்கள். முள் 90-க்கு மேல் இருந்தால் மோட்டார் ஓடாமல் இருப்பதே முறை. சற்று முன்பு நெடுநேரம் ஓடியிருந்தால், உள்ளே இருக்கும் வெப்பப் பாதுகாப்புச் சுவிட்ச் துண்டித்திருக்கும். அரைமணி நேரம் ஆறவிட்டால் தானாகவே சேர்ந்துகொள்ளும்.

இவ்விரண்டும் இல்லையென்றால் ரிலேவின் (சிறு கரண்டைக் கொண்டு மோட்டாரின் பெருங்கரண்டைச் சேர்த்துத் துண்டிக்கும் சுவிட்ச்) மேல் விரலை வைத்துக்கொண்டு சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். "டிக்" என்ற அசைவு விரலுக்குத் தெரிந்தால், கட்டுப்பாட்டுப் பாதை சரியாக இருக்கிறது; கோளாறு கனத்த வயர் செல்லும் பாதையில் இருக்கிறது. அப்போது ரிலேவில் 30 என்று குறித்த முனையில் பேட்டரி வோல்ட் வருகிறதா, 87-ஆம் முனையில் அது வெளியேறுகிறதா என்று பாருங்கள். 30-இல் வந்து 87-இல் வராவிட்டால் ரிலேவின் உள்முனைகள் கருகிவிட்டன என்று பொருள். ரிலேவைப் பிடுங்கிப் பார்த்தால் சாக்கெட்டின் பிளாஸ்டிக் 87-ஆம் முனையைச் சுற்றி மட்டும் பழுப்பேறி, தொட்டால் நொறுங்கும் நிலையில் இருப்பதைக் காணலாம். அத்தகைய சாக்கெட்டில் புது ரிலேவைச் செருகினால் அதுவும் சில நாள்களில் கருகும். சாக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

"டிக்" வரவில்லையென்றால் 85, 86 முனைகளைப் பாருங்கள். ஒன்றில் எர்த்தும் மற்றொன்றில் 12 வோல்ட்டும் இருக்க வேண்டும். வோல்ட் வராவிட்டால் பிரஷர் சுவிட்சின் இரு வயர்களையும் ஒரு கணம் மட்டும் நேராகச் சேர்த்துப் பாருங்கள். மோட்டார் ஓடத் தொடங்கினால் பிரஷர் சுவிட்சுதான் குற்றவாளி. இந்தச் சோதனையைச் செய்துவிட்டு வயரை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. அழுத்தத்தை நிறுத்த ஆளில்லாமல் போய்விடும்.

சில வண்டிகளில் ரிலேவே இருக்காது. மோட்டாரின் முழுக் கரண்டும் பிரஷர் சுவிட்சின் சிறு முனைகள் வழியாகவே செல்லும். அவற்றில் பிரஷர் சுவிட்ச் அடிக்கடி போவதில் வியப்பில்லை. பழுது பார்க்கும்போதே ஒரு 40 ஆம்பியர் ரிலேவைச் சேர்த்து, அதன் கட்டுப்பாட்டு வயரைச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்திலிருந்து எடுத்துவிட்டால், வண்டி நிற்கும் இரவில் கசிவு காரணமாகக் கம்ப்ரஸர் ஓடிப் பேட்டரியைக் காலிசெய்யும் தொல்லையும் தீரும்.

மோட்டார் உறுமுகிறது, சுழலவில்லை. அல்லது ஃபியூஸ் போகிறது

இந்த அறிகுறியை விசாரிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, டேங்க் காலியாக இருக்கும்போதும் இது நடக்கிறதா என்பதே. டேங்கைக் காலிசெய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். காலி டேங்கில் எளிதாகப் புறப்பட்டு 120 வரை ஏற்றி நின்றுவிட்டு, முள் 90-க்கு இறங்கி மறுபடி புறப்படும்போது மட்டும் உறுமினால், மோட்டாரையும் வயரையும் விட்டுவிட்டு நான்-ரிட்டர்ன் வால்வைக் கழற்றுங்கள். அது காற்றைத் திரும்ப விடுவதால் டேங்கின் அழுத்தம் முழுவதும் பிஸ்டனின் தலையில் நிற்கிறது. அந்தச் சுமையை எதிர்த்து மோட்டாரால் முதல் சுற்றைச் சுற்ற முடிவதில்லை. கழற்றிய வால்வின் ரப்பர் இருக்கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், மயிரிழை அளவுக்குப் பித்தளைச் சீவலோ, இணைப்பில் சுற்றிய டெஃப்லான் டேப்பின் நூலிழையோ அதில் ஒட்டியிருப்பது தெரியும். துடைத்துவிட்டால் சிலசமயம் சரியாகும். ரப்பரில் பள்ளம் விழுந்திருந்தால் வால்வை மாற்றுவதே மேல். டேப் சுற்றும்போது முதல் மரையை விட்டுவிட்டு இரண்டாவது மரையிலிருந்து சுற்றினால் அந்த நூலிழை உள்ளே போகாது.

காலி டேங்கிலும் உறுமுகிறது என்றால் வோல்ட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். லோ வோல்டேஜில் கிணற்று மோட்டார் என்ன பாடு படும் என்பது நம் ஊர் விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கும் அதே கதைதான். மோட்டார் வேகம் எடுக்கத் தாமதமாவதால் தொடக்கத்தில் இழுக்கும் பெருங்கரண்ட் நீடித்து நின்று ஃபியூஸை உருக்கிவிடுகிறது. 30 ஆம்பியர் இழுக்கும் ஒரு கம்ப்ரஸர் பேட்டரியிலிருந்து 4 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். போகவர 8 மீட்டர் வயர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டிருந்தால் வயரிலேயே ஏறத்தாழ 1.7 வோல்ட் போய்விடும். 4 சதுர மில்லிமீட்டரில் ஒரு வோல்ட் போகும். 10 சதுர மில்லிமீட்டரில் அரை வோல்ட்டுக்கும் குறைவு. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய வயரைக் கொண்டு இணைத்த வண்டிகளில் கம்ப்ரஸர் ஏன் சோம்புகிறது என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

இதைக் கண்டுபிடிக்க வயரை உரிக்கத் தேவையில்லை. இன்ஜின் ஓட, கம்ப்ரஸரும் ஓட, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையைக் கம்ப்ரஸரின் பாசிட்டிவிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது அந்தப் பாதையில் தொலைந்த வோல்ட். பிறகு நெகட்டிவ் பக்கத்தையும் அவ்வாறே அளக்க வேண்டும். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் சேஸிஸில் எர்த் எடுத்த வண்டிகளில் இழப்பு பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கும். எர்த் போல்ட்டைக் கழற்றினால் வயர் முனையில் உள்ள லக்குக்கு அடியில் பெயிண்ட் அப்படியே பளபளப்பாக இருக்கும். போல்ட்டின் மரை வழியாக மட்டுமே கரண்ட் போய்க்கொண்டிருந்திருக்கும். பெயிண்ட்டைச் சுரண்டி, இரும்பு தெரியத் தேய்த்து, முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசிவிடுங்கள். இரு பக்கமும் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நன்று. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் வயரை மாற்றியே ஆக வேண்டும்.

ஃபியூஸ் போகிறது என்பதற்காக அதைவிடப் பெரிய ஃபியூஸைப் போடுவது எவ்வகையிலும் தீர்வாகாது. ஃபியூஸ் இருப்பது வயரைக் காக்கவே. அது பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும் என்பதும் அதனால்தான். வயர் தடித்தால் மட்டுமே ஃபியூஸ் பெரிதாகலாம்.

24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் கம்ப்ரஸரை வைத்துவிட்டு இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் கரண்ட் எடுக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். ஒரு பேட்டரி குறைவாகவும் மற்றொன்று மிகையாகவும் சார்ஜாகி, இரண்டும் கெடும். 24 வோல்ட் மோட்டார் உள்ள கம்ப்ரஸரையே வாங்குவது நேரான வழி.

ஓடுகிறது, ஆனால் அழுத்தம் ஏறவில்லை

மெதுவாக ஏறுகிறது என்று சொல்வதற்கு முன், எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். 20 லிட்டர் டேங்கைப் பூஜ்யத்திலிருந்து 120 பவுண்டுக்கு ஏற்ற ஏறத்தாழ 165 லிட்டர் சாதாரணக் காற்று வேண்டும். பெட்டியில் நிமிடத்துக்கு 70 லிட்டர் என்று போட்டிருந்தாலும் அது எதிர்ப்பே இல்லாத நிலைக்கான கணக்கு; அழுத்தம் ஏற ஏற அது குறைந்துகொண்டே போகும். சராசரியாகப் பாதி என்று வைத்தால் நான்கைந்து நிமிடம் ஆகும். புதிதாகப் பொருத்திய அன்றே நேரத்தைக் குறித்து டேங்கின் மேல் பெயிண்ட்டால் எழுதிவைப்பது நல்லது. பிற்காலத்தில் கெட்டதா இல்லையா என்ற வாதமே எழாது.

நேரம் கூடியிருந்தால் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வேகம் கூடினால் அத்துடன் தேடல் முடிந்தது. திருப்பூர்ப் பக்கம் நூலும் துணியும் ஏற்றும் வண்டிகளில் பஞ்சுத் துகள் ஃபில்டரின் மேல் கம்பளி போலப் படிந்துவிடும்; தீவனத் தூளும் நார்த்தூளும் உள்ளே புகுந்து அடைத்துவிடும். ஃபில்டரைச் சக்கரத்துக்கு அருகில் வைக்காமல், ஒரு ஹோஸ் வழியாகக் கேபினுக்குப் பின்னால் உயரத்துக்குக் கொண்டுபோனால், தூசியும் குறையும், மழைநீரும் இழுக்கப்படாது.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் 60, 70 பவுண்டோடு நின்றுவிட்டால் சோப்பு நுரையால் எல்லா இணைப்புகளையும் சோதியுங்கள். கசிவும் இல்லையென்றால், ஃபில்டர் இல்லாத உறிஞ்சு வாயின் அருகே உள்ளங்கையைக் காட்டுங்கள். காற்று உள்ளே மட்டும் இழுக்கப்பட வேண்டும். விட்டுவிட்டு வெளியேயும் ஊதினால் ஹெட்டில் உள்ள ரீடு வால்வு (காற்றை விட்டுத் தடுக்கும் மெல்லிய தகடு) உடைந்திருக்கிறது அல்லது அதில் தூசி சிக்கியிருக்கிறது. இழுப்பே வலுவற்று இருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. பல கம்ப்ரஸர்களுக்கு ரிங், ரீடு, கேஸ்கெட் மூன்றும் சேர்ந்த கிட் கிடைக்கும். கோவைக் கடைகளில் மாதிரியைக் காட்டி வாங்கிவிடலாம். இந்த இடத்தில் மட்டும்தான் கம்ப்ரஸரைத் திறப்பதற்கு நியாயம் இருக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறியபின் கம்ப்ரஸர் மந்தமாவது கோளாறு அல்ல. 2,200 மீட்டருக்கு மேல் உள்ள அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். ஒவ்வொரு இழுப்பிலும் அகப்படும் காற்றும் அந்த அளவுக்குக் குறைகிறது.

யாரும் தொடாமலே முள் இறங்குகிறது

ஓட்டுநர்கள் அதிகம் முறையிடுவது இதைப் பற்றித்தான். "நைட்டு நூறுல நிறுத்துனேனுங்க, காலையில தொண்ணூத்தி மூணுதான் நிக்குது" என்றால் அங்கே கசிவே இல்லாமலும் இருக்கலாம். ஓடி முடித்த டேங்க் 45 டிகிரி சூட்டில் 100 பவுண்டு காட்டியிருந்து, விடியற்காலையில் 25 டிகிரிக்கு ஆறினால், ஒரு துளிக் காற்றும் வெளியேறாமலே முள் 93-க்கு இறங்கும். ஆகவே கசிவுச் சோதனையை டேங்க் ஆறிய பிறகே தொடங்க வேண்டும்.

ஆறிய பிறகும் இறங்கினால், தேடும் இடத்தைப் பாதியாக்குங்கள். டேங்கிலிருந்து வெளியே செல்லும் வாயில், கைப்பிடியைத் திருப்பி மூடும் ஒரு பால் (ball) வால்வு இல்லையென்றால் இன்றே பொருத்துங்கள். இந்த அமைப்பில் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் மேம்பாடு அதுதான் என்பேன். இரவில் அதை மூடிவையுங்கள். முள் நின்றுவிட்டால் கசிவு ஹாரன் சோலினாய்டு (மின்சாரத்தால் திறக்கும் வால்வு), ஹோஸ், குயிக் கப்ளர் ஆகியவற்றின் பக்கம். மூடியும் இறங்கினால் டேங்கின் பக்கம்: டிரெயின் காக், சேஃப்டி வால்வு, கேஜின் அடி, பிரஷர் சுவிட்ச், நான்-ரிட்டர்ன் வால்வு. கடைசியாகச் சொன்னதைச் சோதிக்க, கம்ப்ரஸர் பக்கத்து ஹோஸைக் கழற்றி, வால்வின் திறந்த வாயில் நுரையைத் தடவுங்கள். குமிழி எழுந்தால் அதுதான். இந்த ஒரு சோதனையில் மட்டும் ஹோஸ் கழன்ற நிலையிலும் டேங்கில் அழுத்தம் வேண்டும் என்பதால், முதலில் காலிசெய்து, ஹோஸைக் கழற்றிவிட்டு, பிறகு வேறு கம்ப்ரஸரால் டிரெயின் வழியாகவோ வெளிவாய் வழியாகவோ 30 பவுண்டு மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

மோட்டார் நிற்கும் கணத்தில் "புஸ்" என்று ஒரு முறை ஒலித்து அடங்குவது அன்லோடர் வால்வின் வேலை. ஹோஸில் தேங்கிய அழுத்தத்தை அது வெளியேற்றுகிறது. அந்த ஒலி அடங்காமல் நீண்டால் அன்லோடரைக் குறை சொல்லாமல் நான்-ரிட்டர்ன் வால்வைப் பாருங்கள்.

மோட்டார் அடிக்கடி ஓடி ஓடி நின்றால் கசிவு பெருகியிருக்கிறது அல்லது டேங்கில் தண்ணீர் சேர்ந்து காற்றுக்கு இடம் குறைந்திருக்கிறது.

120-இல் நிற்காமல் ஓடுகிறது. சேஃப்டி வால்வு திறக்கிறது

உடனே நிறுத்துங்கள். ரிலேவின் கட்டுப்பாட்டு வயரை உருவிப் பாருங்கள். மோட்டார் நின்றால் பிரஷர் சுவிட்ச் கோளாறு. பெரும்பாலும் அதன் அடித்துளையில் துருவும் தண்ணீரும் கலந்த சேறு அடைத்திருக்கும். வயரை உருவியும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் ரிலேவின் முனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிவிட்டன. சேஃப்டி வால்வு தொல்லை தருகிறது என்று அதற்குப் பதிலாகப் பிளக் போட்டு அடைத்த டேங்குகளைப் பார்த்ததுண்டு. வண்டியில் உட்காருபவர் முதுகுக்குப் பின்னால்தான் அந்த டேங்க் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வால்வின் வளையத்தை மாதம் ஒருமுறை இழுத்து, அது திறந்து மூடுவதை உறுதிசெய்யுங்கள்.

டேங்கைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் மிஞ்சிய பி.வி.சி. குழாயில் டேங்க் செய்வது கூடவே கூடாது. அதில் நீரின் அழுத்தம் வேறு, காற்றின் அழுத்தம் வேறு. காற்றடைத்த பி.வி.சி. விரிசலோடு நிற்காது, கூரிய துண்டுகளாகத் தெறிக்கும். சமையல் எரிவாயு சிலிண்டரும் வேண்டாம். பழைய லாரிகளின் பிரேக் டேங்க் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் உள்ளே துரு உரிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, முழுவதும் தண்ணீர் நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை கைப்பம்பால் ஏற்றிச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும். அதன் மேல் புதிதாக வெல்டிங் வைப்பது அந்தச் சோதனையைப் பொருளற்றதாக்கிவிடும். பட்டை போட்டுக் கட்டுங்கள்.

ஹோஸ் உருகுகிறது, கம்ப்ரஸர் பாதியில் நின்றுவிடுகிறது

ஹெட்டிலிருந்து வெளிவரும் காற்று 100 டிகிரியைத் தாண்டக்கூடும். நீல நிற பிளாஸ்டிக் குழாயை நேராக ஹெட்டில் மாட்டினால் அது இளகி, ஒருநாள் கழன்றுகொள்ளும். ஹெட்டிலிருந்து முதல் அரை மீட்டருக்காவது எஃகுப் பின்னல் ஹோஸோ செம்புக் குழாயோ வேண்டும். செம்புக் குழாயை இரண்டு மூன்று சுற்றாக வளைத்து, நடுக்கத்தில் விரிசல் விடாதபடி கிளிப் போட்டால், காற்றும் ஆறும்.

பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஓய்வின்மை. பெட்டியில் ஓடும் நேரம் (duty cycle) 33 சதவீதம் என்று போட்டிருந்தால் அரைமணி நேரத்தில் பத்து நிமிடம் மட்டுமே அது ஓடலாம். சித்திரை வெயிலில், சைலன்சருக்கு அருகில், காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் வைத்த கம்ப்ரஸருக்கு அந்தப் பத்து நிமிடமும் கிடைக்காது. இடத்தை மாற்றுவதே மருந்து.

டிரெயினில் தண்ணீர், டயரில் காற்று ஏறவில்லை

தண்ணீர் வருவது இயல்பு. ஒன்பது மடங்கு நெருக்கிய காற்றால் தன் ஈரத்தைத் தாங்க முடியாது. டேங்க் ஒருமுறை நிரம்புவதற்குள் ஓரிரு கிராம் நீர் அடியில் இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நாள்தோறும், மற்ற காலத்தில் வாரம் ஒருமுறை திறந்துவிட வேண்டும். டிரெயின் காக் டேங்கின் மிகத் தாழ்ந்த இடத்தில் இல்லையென்றால் டேங்கையே சற்றுச் சாய்த்துப் பொருத்துங்கள்.

டேங்கில் அழுத்தம் இருந்தும் டயர் நிரம்பவில்லை என்பவர்கள் டேங்கிடம் மிகுதியாக எதிர்பார்க்கிறார்கள். ஒரு பிக்கப் டயருக்குள் ஏறத்தாழ 50 லிட்டர் இடம் இருக்கிறது. அதை 30-லிருந்து 50 பவுண்டுக்கு ஏற்ற 70 லிட்டர் காற்று வேண்டும். 20 லிட்டர் டேங்க் 120-லிருந்து 90-க்கு இறங்கும்போது தருவது 40 லிட்டர்தான். மீதியைக் கம்ப்ரஸர் ஓடித்தான் தர வேண்டும். இந்தக் கணக்கையும் மீறித் தாமதமானால் ஹோஸின் உள்துளையையும் கப்ளரையும் பாருங்கள். காற்று ஓடும்போது காட்டும் முள்ளை நம்பாமல், நிறுத்தி அளக்க வேண்டும்.

ஹாரன் அடித்தால் பிரேக் முள் இறங்குகிறது

இது ஏர் பிரேக் லாரிகளுக்குரியது; தள்ளிப்போடக் கூடாதது. யாரோ ஹாரனுக்கோ டயர் ஹோஸுக்கோ காற்றை பிரேக் டேங்கிலிருந்தே நேராக எடுத்திருக்கிறார்கள். அந்த ஹோஸ் ஒருநாள் அறுந்தால், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் எதிலாவது பிரேக்குக்குக் காற்று இல்லாமல் போகும். கூடுதல் வேலைகளுக்கான காற்றை, பிரேக் காற்றைக் கிளைகளாகப் பிரித்துக் காக்கும் பாதுகாப்பு வால்வின் (டேங்கின் சேஃப்டி வால்வு அல்ல) உதவிக் கிளையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். அக்கிளை அறுந்தாலும் பிரேக் டேங்குகளில் குறிப்பிட்ட அழுத்தத்தை அந்த வால்வு காத்துநிற்கும். மாற்றி முடித்ததும், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து, ஹாரனுக்குச் செல்லும் கிளையை வேண்டுமென்றே திறந்துவிட்டு, பிரேக் முள்கள் இரண்டும் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். நிற்காமல் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் வண்டியைப் பட்டறையிலிருந்து எடுக்க வேண்டாம்.